வளரும் சென்னைக்கு 25 ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் தயாரிப்பது எப்படி

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பறக்கும் ரயில் பாதையின் நீளம் 5 கிலோமீட்டர்தான். 2008-ல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கத்தில் சுமார் 500 மீட்டருக்கு நிலம் கைக்கு வராமல் போனதால், மற்ற இடங்களில் மேம்பாலம் எழுந்த பிறகும் அந்த இடைவெளி பத்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. பயணிகள் எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கால் வந்த தடையில்லை இது. நிலத்தால் வந்தது.

போக்குவரத்துத் திட்டம் என்றாலே மெட்ரோ கோடுகளும் மேம்பாலப் படங்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி, மீஞ்சூர், படப்பை போன்ற விளிம்புப் பகுதிகளில் வேலை செய்பவர்களுக்கு முதல் வேலை வேறு. 2045-ல் தேவைப்படப் போகும் நிலத்தில் இன்றைக்கு வீடு எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நிலம், எவ்வளவு அகலம், எந்த ஆண்டுக்குள் என்று சொல்லத்தான் கணக்கெடுப்பும் முன்கணிப்பும். நகராட்சிப் பொறியாளர்கள், ஊரமைப்பு மாணவர்கள், வார்டு உறுப்பினர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகியோருக்காக அந்தப் பார்வையில் எழுதப்பட்டது இது.

எல்லையும் ஆண்டும்

மாநகராட்சி எல்லையோடு ஆய்வை நிறுத்திவிடாதீர்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி பல்லாண்டுகளாக 1,189 சதுர கி.மீ.யாக இருந்தது. அதை 5,904 சதுர கி.மீ.யாக விரிவாக்க 2022-ல் அரசு ஆணையிட்டது. வேலைக்கு வருவோரோ அதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அரக்கோணம், செங்கல்பட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் ஊருக்குள் வருகிறார்கள். எதிர்த்திசையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்துகள் போகின்றன. பத்தில் ஒன்பது தினசரிப் பயணங்களாவது உள்ளே அடங்கும்படி எல்லைக்கோடு போடுங்கள். கோட்டை வெட்டும் ஒவ்வொரு சாலையும் ரயில் பாதையும் பின்னால் கணக்கெடுப்பு இடமாக வேண்டியிருக்கும். ஆகவே கடக்கும் இடங்கள் குறைவாக வருகிற வழியில் கோடு போவது நல்லது.

அடிப்படை ஆண்டு ஒன்று, இறுதி ஆண்டு ஒன்று, நடுவே ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலப் பயன்பாட்டுத் திட்டத்தின் ஆண்டோடு இது பொருந்த வேண்டும். சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2008-ல் நடைமுறைக்கு வந்து 2026-ஐ இலக்காகக் கொண்டது. மூன்றாவது திட்டம் 2046 வரைக்குமானது. போக்குவரத்துத் திட்டம் ஓர் ஆண்டையும் நிலத் திட்டம் வேறோர் ஆண்டையும் பார்த்தால், ஒன்றின் மக்கள்தொகையை மற்றொன்றில் பயன்படுத்தும்போதே பிழை நுழைந்துவிடும்.

மண்டலம் பிரித்தல்

பயணம் எங்கிருந்து எங்கே என்று சொல்வதற்கு ஊரைச் சிறு மண்டலங்களாக வெட்ட வேண்டும். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகள் நல்ல தொடக்கம். மக்கள்தொகை, சொத்து வரி விவரங்கள் எல்லாம் வார்டு வாரியாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒரு மண்டலத்துக்குள் ஆறோ ரயில் பாதையோ குறுக்கே போகக் கூடாது. கிழக்குத் தாம்பரமும் மேற்குத் தாம்பரமும் வரைபடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வண்டியில் போக சுரங்கப்பாதையையோ மேம்பாலத்தையோ தேட வேண்டும். இரண்டையும் ஒரே மண்டலமாக்கினால் அந்தச் சிரமம் கணக்கிலேயே வராது, அங்கே ஒரு புதிய கடப்புப் பாலம் வேண்டும் என்ற முடிவும் வராது. ரயில் நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் மண்டலங்கள் சிறிதாக இருக்கட்டும், விளிம்பில் பெரிதாக இருக்கலாம்.

கணக்கெடுப்பு

கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குரியது. அதன் எண்ணை ஒரே வளர்ச்சி விகிதத்தால் பெருக்கி எல்லா மண்டலத்துக்கும் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மயிலாப்பூரும் நாவலூரும் ஒரே வேகத்தில் வளரவில்லை. வீட்டு மின் இணைப்புகள், சொத்து வரி விதிப்புகள், குடும்ப அட்டைகள் மூன்றையும் மண்டல வாரியாக வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையில் போனால் நம்பலாம். தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் குடும்ப அட்டையை நம்பவே கூடாது. பி.ஜி. விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோரின் அட்டை சொந்த ஊரில் இருக்கிறது. அங்கே விடுதிகளைத் தெருத் தெருவாக எண்ணித்தான் ஆக வேண்டும். வேலைவாய்ப்பு எண்ணிக்கைக்கு, அனுமதி பெற்ற அலுவலகத் தளப் பரப்பைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, சில கட்டடங்களில் நேரில் விசாரித்து சரிசெய்யுங்கள்.

வீட்டு நேர்காணலுக்கு நூறு வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். 10,000 வீடுள்ள மண்டலத்தில் 100 முதல் 200 வீடு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் நேற்று எங்கெங்கே போனார்கள், எத்தனை மணிக்கு, எதில், எவ்வளவு செலவு, எங்கே மாறினார்கள் என்று கேட்க வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவரிடமே எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்தால் பெண்களின் பயணம் குறைந்துபோகும். பிள்ளையைப் பள்ளியில் விட்டது, அங்கிருந்து காய்கறிக்கடை, பிறகு வங்கி என்று அவர்கள் போவது தொடர் பயணம். இதை அவர்களே சொன்னால்தான் வரும். நடந்தே போனவற்றைத் தனியாகக் கேளுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். 2008-ஐ அடிப்படையாகக் கொண்ட சென்னையின் விரிவான ஆய்வில் மொத்தப் பயணங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நடையும் சைக்கிளுமாக இருந்தது. உங்கள் கணக்கில் நடை பத்து சதவீதத்துக்கும் கீழே வந்தால், மக்கள் நடப்பதை விட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். கேள்வித்தாளைச் சந்தேகப்படுங்கள்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த ஊரில் முக்கியம். ஏப்ரல், மே கோடை விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நடுவே தீபாவளி. ஜனவரி நடுவில் பொங்கல். மீதி இருப்பது ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் பாதி வரை, பிறகு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. சாலைக் கணக்கெடுப்பை செவ்வாய், புதன், வியாழனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் காலை 6 முதல் இரவு 10 வரை, வெளி எல்லையில் 24 மணி நேரமும், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. வெளி எல்லையில் இரவை விட்டுவிட்டால் லாரி கணக்கு பாதியாகிவிடும். பெரிய லாரிகள் நகருக்குள் வர இரவைத்தான் நம்புகின்றன.

சென்னைக்கு இயற்கையே சில எண்ணும் கோடுகளைக் கொடுத்திருக்கிறது. அடையாறு ஆற்றைக் கடக்க திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், ஈக்காட்டுத்தாங்கல் பாலம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள்தான். இவை எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஆள் நிறுத்தி எண்ணினால், வடக்கும் தெற்கும் ஒரு நாளில் எத்தனை பயணத்தைப் பரிமாறிக்கொள்கின்றன என்பது கிட்டத்தட்ட முழுமையாகத் தெரிந்துவிடும். கூவத்தின் மேலும் கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையின் குறுக்கேயும் இதையே செய்யுங்கள். வீட்டு நேர்காணலிலிருந்து பெருக்கி எடுத்த எண் இந்த எண்ணிக்கையோடு 10 முதல் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துவராவிட்டால் முன்கணிப்புக்குப் போகாதீர்கள். முதலில் பிழை எங்கே என்று பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் ஆற்காடு சாலை, ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை), மாதவரம் நெடுஞ்சாலை போன்ற இடங்களில் தடுப்பு வைத்திருக்கும்போது எடுத்த எண்ணிக்கை அந்தச் சாலையின் உண்மையான தேவையைச் சொல்லாது. வண்டிகள் இணைத் தெருக்களுக்குப் போயிருக்கும். அந்தத் தெருக்களையும் சேர்த்து எண்ணுங்கள், பணி தொடங்குவதற்கு முந்தைய எண்ணிக்கை கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பேருந்துக்கு மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் டிக்கெட் கருவித் தரவைக் கேட்டு வாங்குங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் அதற்கும் டிக்கெட் கிழிக்கிறார்கள், எனவே அந்தப் பயணங்கள் தடம் வாரியாகப் பதிவாகின்றன. வருமானத் தரவை மட்டும் பார்ப்பவர்கள் இவ்வளவு பெரிய கூட்டத்தைக் கணக்கில் விட்டுவிடுவார்கள்.

வண்டியா, ஆளா

எண்ணி முடித்த பிறகு எந்த அலகில் பேசுகிறோம் என்பதிலேயே திட்டத்தின் திசை மாறிவிடும். நகரச் சாலைகளுக்கான ஐ.ஆர்.சி. (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 106 வழிகாட்டி, ஒவ்வொரு வண்டியையும் சாலையில் அது எடுக்கும் இடத்தை வைத்துக் கார் அலகாக மாற்றச் சொல்கிறது. கார் 1. ஓட்டத்தில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் இருசக்கர வண்டி 0.75, ஆட்டோ 2. ஐந்து சதவீதத்துக்குள் இருக்கும் பேருந்து 2.2.

ஓர் உதாரணச் சாலை. உச்ச நேரத்தில் ஒரு மணிக்கு 3,500 இருசக்கர வண்டி, 1,800 கார், 700 ஆட்டோ, 100 பேருந்து போகின்றன என்று வையுங்கள். அலகில் மாற்றினால் 2,625 + 1,800 + 1,400 + 220, ஆக மொத்தம் 6,045. இதில் பேருந்தின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. இதே வண்டிகளில் இருக்கும் ஆட்களை எண்ணுங்கள். இருசக்கர வண்டிக்கு 1.4 பேர், காருக்கு 1.6, ஆட்டோவுக்கு 2, பேருந்துக்கு 50 என்று வைத்தால் 4,900 + 2,880 + 1,400 + 5,000. மொத்தம் 14,180 பேர், அதில் பேருந்தில் 35 சதவீதம். இடத்தில் 4 சதவீதம் எடுத்துக்கொண்டு ஆட்களில் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிற வண்டி, கார் அலகு அட்டவணையில் கண்ணுக்கே தெரியாது. அந்த அட்டவணையை மட்டும் வைத்துக் கூட்டம் நடந்தால் முடிவு மேம்பாலமாகத்தான் வரும். இரண்டு அட்டவணையையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

முன்கணிப்பு

முறை பழையது, நான்கு படி. ஒவ்வொரு மண்டலமும் எத்தனை பயணம் உண்டாக்குகிறது, அவை எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்த வழியில் போகின்றன. மென்பொருள் எதுவாக இருந்தாலும் இதைத்தான் செய்கிறது. மூன்றாம் படியில் ஒன்றைக் கவனியுங்கள். நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தையும் வண்டி மாறும் நேரத்தையும், வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ள வேண்டும். மக்கள் அப்படித்தான் உணர்கிறார்கள். வெயிலில் நிற்கும் பத்து நிமிடத்தை வண்டிக்குள் இருக்கும் பத்து நிமிடத்துக்குச் சமமாக வைத்த கணக்கு, மூன்று தடவை மாறிப் போக வேண்டிய மெட்ரோவுக்கும் கூட்டத்தைக் காட்டிவிடும்.

ஆண்டுக்கு 5 சதவீதம் வண்டி கூடும் என்று வைத்து இருபது ஆண்டுக்குப் பெருக்கினால் இன்றைய எண்ணிக்கை 2.65 மடங்காகும். 8 சதவீதம் என்றால் 4.66 மடங்கு. அண்ணா சாலையை நாலரை மடங்கு அகலப்படுத்த யாராலும் முடியாது. அகலப்படுத்தினாலும் அந்த வசதியே புது வண்டிகளை அழைத்துவரும். ஆகவே வண்டி வளர்ச்சியைக் கேள்வி கேட்காமல் ஏற்பதை விட்டு, மூன்று விதமான எதிர்காலத்தை வரைந்து பாருங்கள். வேலைகள் ஓ.எம்.ஆரிலேயே தொடர்ந்து குவிகிற சென்னை ஒன்று. ஸ்ரீபெரும்புதூர், பரந்தூர் திசையில் மேற்கே நகர்கிற சென்னை ஒன்று. ரயில் நிலையங்களைச் சுற்றி அடர்த்தி கூடுகிற சென்னை ஒன்று. மூன்றிலும் தேவைப்படுகிற சாலை, தடம், பணிமனை எவையோ அவற்றின் நிலத்தை முதலில் காப்பாற்றுங்கள். ஒன்றில் மட்டும் தேவைப்படுவதைப் பின்னுக்குத் தள்ளலாம்.

ஓ.எம்.ஆர். இங்கே நல்ல பாடம். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. அகலச் சாலை போட்டோம். அலுவலகங்கள் வந்தன, அடுக்குமாடிகள் வந்தன, ரயில் மட்டும் வரவில்லை. இப்போது மெட்ரோ மூன்றாவது வழித்தடம் அதே சாலையின் நடுவில், வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கட்டப்படுகிறது. சாலை போட்ட நாளிலேயே நிலையம் வரும் இடங்களில் இருபுறமும் படிக்கட்டுக்கும் பேருந்து நிற்பதற்கும் கொஞ்சம் நிலம் ஒதுக்கியிருந்தால் செலவும் தொல்லையும் பெருமளவு குறைந்திருக்கும்.

நிலத்தைக் காப்பது

வரைபடத்தில் கோடு போட்டால் நிலம் காக்கப்பட்டதாக நினைப்பது பெரிய ஏமாற்றத்தில் முடியும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 38-வது பிரிவின்படி, ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்த மூன்று ஆண்டுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் அந்த ஒதுக்கீடு தானாக விலகியதாகக் கருதப்படும். நில உரிமையாளரைக் காலவரையின்றிக் காத்திருக்க வைக்கக் கூடாது என்பது நியாயம்தான். எனவே 25 ஆண்டுக்கான கோட்டை மூன்று ஆண்டுக்குள் வேறொரு பிடிமானத்தால் உறுதிசெய்ய வேண்டும். கையில் இருக்கும் வழிகள் இவை.

முதலாவது, கட்டட அனுமதியின்போது தானப்பத்திரம். சாலை விரிவாக்கப் பகுதியை உரிமையாளர் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுப்பார், அதற்கு ஈடாகத் தளப் பரப்பில் சலுகை பெறுவார். செலவு குறைவு. ஆனால் கட்டுகிறவர் மட்டுமே கொடுப்பார் என்பதால் சாலை ஓரிடத்தில் 18 மீட்டர், அடுத்த பழைய வீட்டுக்கு முன்னால் 9 மீட்டர், பிறகு மீண்டும் 18 என்று பல் பல்லாக நிற்கும். பாதிக்கு மேல் நிலம் தானமாக வந்துவிட்ட தெருக்களில் மீதியைப் பணம் கொடுத்து வாங்கி முடித்துவிடுவதே சரி. அதிலும் சந்திப்பின் இருபுறமும் 100 மீட்டர் முதலில்.

இரண்டாவது, வளர்ச்சி உரிமை மாற்றுச் சான்று. நிலம் கொடுத்தவர் அதற்கான தளப் பரப்பை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ செய்யலாம். வாங்க ஆள் இருந்தால்தான் இது நடக்கும். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பணம் கட்டிப் பெறும் கூடுதல் தளப் பரப்பு மலிவாக இருக்கும்வரை இந்தச் சான்றுக்குக் கிராக்கி இருக்காது. இரண்டின் விலையையும் சேர்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்.

மூன்றாவது, விளிம்புப் பகுதியில் மனைப்பிரிவுகள் வருவதற்கு முன்பே விரிவான வளர்ச்சித் திட்டமோ, பலரது நிலத்தைச் சேர்த்துச் சாலைக்கு ஒதுக்கிவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கும் நிலத் தொகுப்புத் திட்டமோ போடுவது. இதற்குத்தான் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. படப்பை, திருமழிசை, மாம்பாக்கம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு மனைப்பிரிவின் 9 மீட்டர் தெரு அடுத்த மனைப்பிரிவின் மதில்சுவரில் முட்டி நிற்கும். இரண்டுக்கும் முறையான அனுமதி உண்டு. தெரு இணைய வேண்டும் என்று முன்கூட்டியே கோடு போட்டவர்தான் இல்லை. அதனால் 300 மீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்குப் பிரதான சாலை வரை வந்து சுற்ற வேண்டியிருக்கிறது, பேருந்தும் உள்ளே நுழைய முடியாது. தலைமைச் சாலைகள் சுமார் 1 கி.மீ.க்கு ஒன்று, பேருந்து போகிற தெரு 500 மீட்டருக்கு ஒன்று என்று வலை போடுங்கள். அப்போது எந்த வீட்டிலிருந்தும் நிறுத்தத்துக்கு ஐந்தாறு நிமிட நடைதான்.

பேருந்துத் தெருவின் குறைந்தபட்ச அகலத்தை இப்படிக் கூட்டலாம். இரு திசைக்கும் சேர்த்து ஓடுதளம் 7 மீட்டர். இரு பக்கமும் தடையில்லாத நடைபாதை 1.8 மீட்டர் வீதம் 3.6. மரம், விளக்குக் கம்பம், மின்வாரியப் பில்லர் பெட்டிக்கு இரு பக்கமும் 0.7 வீதம் 1.4. மொத்தம் 12 மீட்டர், வண்டி நிறுத்த இடமே இல்லாமல். அந்தப் பெட்டிக்கு இடம் விடாவிட்டால் அது நடைபாதை நடுவில்தான் வந்து உட்காரும், நடப்பவர் சாலையில் இறங்குவார். நடைபாதைக்கான ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர், விளிம்புக் கல் 150 மி.மீ.க்கு மிகாமல் என்று சொல்கிறது. கல் அதைவிட உயர்ந்தால் முதியவர்கள் ஏற மாட்டார்கள். தடம் முடியும் இடத்தில் 12 மீட்டர் நீளப் பேருந்து திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும். நிற்கும் இடத்தையும் சேர்த்து 30-க்கு 40 மீட்டராவது ஒதுக்குங்கள்.

பணிமனையைத்தான் எல்லாத் திட்டமும் மறக்கிறது. 100 பேருந்துக்கு 4 முதல் 5 ஏக்கர் தேவை. மின்சாரப் பேருந்து என்றால் மின்பாதையும் வேண்டும். ஒரு வண்டிக்கு இரவில் 200 யூனிட் என்றால் 100 வண்டிக்கு 20,000 யூனிட். ஆறு மணி நேரத்தில் ஏற்ற 3,300 கிலோவாட்டுக்கு மேல் தேவை. துணைமின் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் இடம் தேர்ந்தெடுத்தால் பேருந்து வந்து நின்ற பிறகு கேபிளுக்குக் காத்திருப்பீர்கள். மனைப்பிரிவு விதிப்படி வரும் திறந்தவெளி நிலம் பூங்காவுக்கானது, அதை இதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நன்றாகச் செய்ததற்கும் இங்கேயே சான்று உண்டு. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் ஒதுக்கினார்கள். 72 மீட்டர் சாலைக்கும் பின்னாளைய ரயிலுக்கும், 50 மீட்டர் வளர்ச்சிக்கும். அந்த நிலத்துக்கு இன்றைய விலை கொடுத்து யாராலும் அப்படி ஒரு பட்டையை வாங்க முடியாது. நில விலை ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் இருபது ஆண்டில் 6.7 மடங்கு. அதற்கு மேல் 2013-ன் நிலமெடுப்புச் சட்டப்படி நகர்ப்புறத்தில் சந்தை மதிப்பைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு. 10 மீட்டர் சாலையை 3 கி.மீ.க்கு 30 மீட்டராக்க 60,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 ஏக்கர் வேண்டும் என்பதை இந்த எண்களோடு பெருக்கிப் பாருங்கள்.

கோடு போடும் முன் தண்ணீரைப் பாருங்கள். வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும், சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் ஏ-பதிவேட்டையும் எடுத்து ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் எல்லாவற்றையும் முதல் தாளிலேயே குறியுங்கள். பட்டா வரைபடத்தில் வாய்க்காலாக இருப்பது தரையில் தெருவாக மாறியிருக்கலாம். மழை வந்தால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும். பள்ளிக்கரணைச் சதுப்பு 2022 முதல் ராம்சார் தலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அதன் வழியே புதுச் சாலை போடுவதை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்துக்குள் தூண்கள் வருகின்றன என்ற காரணத்தால் 2012-ல் வேலை நின்றது. இரண்டடுக்காக மாற்றி 2022-ல் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். நீர்வளத் துறையின் எழுத்துபூர்வக் கருத்து கையில் வராமல் எந்தப் பாதையையும் இறுதி செய்யக் கூடாது.

மாறும் இடங்கள்

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கடற்கரை–செங்கல்பட்டு ரயில் பாதை அதன் பக்கத்திலேயே போகிறது, ஆனால் அங்கே ரயில் நிலையம் அப்போது தயாராகவில்லை. தென்மாவட்டத்திலிருந்து பெட்டியும் பிள்ளையுமாக விடிகாலையில் இறங்கியவர்கள் பக்கத்து நிலையத்துக்கோ ஆட்டோவுக்கோ போக வேண்டியிருந்தது. கட்டடத்தில் குறையில்லை, வரிசைதான் தவறு. திட்ட அறிக்கையில் ஒவ்வொரு பெரிய முனையத்துக்கும் பக்கத்தில் ஒரு நிபந்தனை எழுதுங்கள். இன்ன இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே இது திறக்கப்படும் என்று. ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்கு நடை 200 முதல் 300 மீட்டருக்குள், மழை படாமல், மின்தூக்கியோடு இருக்க வேண்டும். டிக்கெட் ஒன்றாக இருப்பதும் முக்கியம், அந்த வகையில் 2025-ல் வந்த சென்னை ஒன் செயலி நல்ல தொடக்கம்.

எதை எப்போது, எந்தப் பணத்தில்

மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு சுமார் 532 கோடி. இது தவறான செலவு என்பதற்காகச் சொல்லவில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில், ரயிலுக்கு 1,200 பேர் என்றால் மணிக்கு ஒரு திசையில் 24,000 பேர். தனித்தடத்தில் மணிக்கு 150 பேருந்து, ஒன்றுக்கு 60 பேர் என்றால் 9,000. உங்கள் முன்கணிப்பு இறுதி ஆண்டில் 7,000 பேரைக் காட்டுகிற பாதைக்கு மெட்ரோ கேட்காதீர்கள். பேருந்துத் தடம் போடுங்கள், நிலத்தை மட்டும் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கையும் மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறது, முதலீட்டின் மீதான பொருளாதாரப் பலன் விகிதம் 14 சதவீதமாவது வர வேண்டும் என்கிறது.

முதல் ஐந்தாண்டுப் பட்டியலில் நடைபாதை, பேருந்து, சந்திப்புச் சீரமைப்பு, நிலம் வாங்குதல் ஆகியவை இருக்கட்டும். கட்டுமானச் செலவோடு ஓட்டுகிற செலவையும் ஆண்டு வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே ஒரு துறையின் பெயர் வேண்டும். மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, தெற்கு ரயில்வே, மெட்ரோ நிறுவனம், மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று பலர் சேர்ந்து பொறுப்பு என எழுதிய வேலை நகராது. இவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் 2010-ல் கும்டாவுக்குச் (சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) சட்டம் இயற்றினார்கள்.

ஆட்சேபணையும் மறுஆய்வும்

வரைவு வெளிவந்ததும் பொதுமக்கள் கருத்துக்குக் காலம் கொடுப்பார்கள். "எங்கள் பகுதிக்கு நல்ல போக்குவரத்து வேண்டும்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். வரைபட எண், சாலைப் பெயர், சர்வே எண், எந்த அகலம் எதுவாக மாற வேண்டும், ஏன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். புல வரைபட நகலையும், உங்கள் தெருவில் நீங்களே இரண்டு மணி நேரம் எண்ணிய வண்டி, நடப்போர் எண்ணிக்கையையும் இணையுங்கள். நிராகரிக்கவும் அதிகாரி காரணம் எழுத வேண்டிவரும். அந்தக் காரணமே அடுத்த கட்டத்துக்கு உங்களுக்கு ஆதாரம்.

திட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு இரண்டு பதிவேடு வேண்டும். ஒன்று எண்ணிக்கைப் பதிவேடு. அதே பாலங்களில், அதே மாதத்தில், அதே வண்டி வகைப்பாட்டில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இடத்தையோ மாதத்தையோ மாற்றினால் ஒப்பிட முடியாது. இன்னொன்று நிலப் பதிவேடு. ஒதுக்கிய ஒவ்வொரு சர்வே எண்ணும், ஒதுக்கிய தேதியும், மூன்று ஆண்டு முடியும் தேதியும், எந்த வழியில் எவ்வளவு கைக்கு வந்தது என்பதும். இதை மனைப்பிரிவு அனுமதி கொடுக்கும் மேசையிலேயே வையுங்கள், திட்டப் பிரிவின் அலமாரியில் பூட்டிவைத்தால் அனுமதி கொடுப்பவருக்குத் தெரியாமலே போகும். மறுஆய்வில் தேவையில்லை என்று முடிவான நிலத்தை ஆணை போட்டு விடுவித்து, அந்த சர்வே எண்களை உரிமையாளருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.